பளபளத்த மூன்றாம் கூடம்

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு மூன்றாம் கூடத்தின் கதவைத் திறந்தபோது, கூரையிலிருந்த குழல் விளக்குகள் தரைக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தன. மலேசியாவின் கூலிமில் இந்த மின்னணுச் சில்லு ஆலைக்கு வந்த பதினோரு மாதத்தில் அந்தச் சாம்பல் நிறத் தரையில் நான் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே தூக்கம் போதாத இரண்டு கண்கள். அழகாகத்தான் இருந்தது, தரையைச் சொல்கிறேன். ஆனால் இந்தத் தரை பளபளக்கவே கூடாது.

துப்புரவு வேலை பார்க்கும் ஜைத்தூன் அக்கா, மலாய் வழக்கில் காக் ஜைத்தூன், கூடத்தின் அந்தக் கோடியில் துடைப்பான் வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஆறு மணிக்கே அவருடைய இரவு வேலை முடிந்திருக்கும். எனக்காகக் காத்திருந்தார் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“மெதுவா நட வாணி. வழுக்கி விழுந்து பல்லு போச்சுன்னா மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்லா.”

“காக், என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேனா? கண்ணு இல்லையா உனக்கு? நேத்து முழுக்க முதுகு ஒடிஞ்சு போச்சு. மூணு பூச்சு! ஒண்ணு காயணும், அப்புறம்தான் அடுத்தது. என் தங்கச்சி வேலை பாக்குற பேரங்காடியில மிச்சம் கிடந்த மெழுகு. அங்க பளிங்குத் தரைகூட இப்படி மின்னாது. மேனேஜர் பெரியவர் பாத்தா மயங்கி விழுந்துருவாரு.”

கருவிப் பெட்டியைத் திறந்து, தரையின் மின்தடையை அளக்கும் இரண்டு எடைக் கட்டைகளையும் எடுத்து மூன்றடி இடைவெளியில் வைத்தேன். கம்பிகளைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். எண் எதுவும் வரவில்லை. வரம்பைத் தாண்டிவிட்டது என்ற குறி மட்டும் விட்டு விட்டு மின்னியது. நான்கு இடம் தள்ளி வைத்துப் பார்த்தேன். அங்கும் அதே குறிதான்.

இந்தத் தரை பார்ப்பதற்கானது இல்லை. நடக்கிற, உட்கார்ந்து எழுகிற, கையை வீசுகிற ஒவ்வோர் உடம்பிலும் கொஞ்சம் மின்சாரம் சேர்கிறது. அதை வாங்கி மண்ணுக்குள் அனுப்புவதற்காகவே கரி கலந்த பிசினால் போட்ட தரை இது. அதன் மேல் மெழுகு பூசுவது பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடுவதற்குச் சமம். அப்புறம் அந்த மின்சாரம் தொழிலாளியின் விரல் நுனியிலிருந்து சில்லுக்குள் பாயும். சில்லு உடனே சாவதும் இல்லை. சோதனையில் தேறி, பெட்டிக்குள் போய், கப்பலேறி, மூன்று மாதம் கழித்து எங்கோ ஓர் ஆஸ்பத்திரி இயந்திரத்துக்குள் சாகும். ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி கிடையாது. ஆனால் திங்கள் காலை ஆறு மணிக்கு உற்பத்தி வரிசைகள் ஓடத் தொடங்கிவிட்டன. நீல அங்கிப் பெண்கள் நாற்பது பேர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எழுபது நிமிடமாகச் சில்லுகளைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யாரு காக் உங்கள மெழுகு போடச் சொன்னது?”

அவர் மஞ்சள் அங்கியின் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சரிபார்ப்புத் தாளின் நகல். அதில் மலாயில் என் கையெழுத்து. தரை மங்கலாக உள்ளது. துப்புரவாளர் மேம்படுத்த வேண்டும்.

அன்று மேலாளர் கூ இந்த வழியாகப் போகும்போது தரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். செவ்வாயன்று வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அந்தப் பிதுக்கல் என் மேல் விழுந்துவிடக் கூடாதென்று, அவர் திரும்பும் முன்பே எழுதி முடித்துவிட்டேன். தரை ஏன் மங்கியது என்று எனக்குத் தெரியும். சோப்புக் கரைசலை அளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றிக் கலக்குகிறார்கள். அதன் படலம் தரையில் தங்குகிறது. வெறும் தண்ணீரால் இரண்டு தடவை கழுவினால் போய்விடும். இதைத் தெரிந்துகொள்ளத்தானே நான்கு வருடம் வேதியியல் படித்தேன்? ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கதவில் ‘மெழுகு போடக் கூடாது’ என்ற அறிவிப்பு தொங்குகிறது, ஆங்கிலத்தில். காக் ஜைத்தூனுக்கு மலாய் மட்டும்தான் படிக்கத் தெரியும். வருகிறவர்கள் படிப்பதற்கு ஆங்கிலம்தான் சரி என்றார் கூ. அச்சடித்து ஒட்டியவள் நான்.

சிவப்புப் பொத்தானை அழுத்தி வரிசைகளை நிறுத்தினேன். நாற்பது முகங்களும் திரும்பின. பதினோரு மாதத்தில் அவர்கள் எல்லோரும் ஒன்றாக என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இங்கே பொறியாளர்களுக்கு வெள்ளை அங்கி, தொழிலாளிகளுக்கு நீலம், துப்புரவுக்கு மஞ்சள். அளவெடுக்கிறவர்களுக்குப் பச்சை. எங்கள் ஷிப்டில் பச்சை நான் ஒருத்திதான். உணவுக்கூடத்தில் வெள்ளை மேசையில் போய் உட்கார்ந்தால் ஹொக்கியன் சீனத்தில் ஓடிய பேச்சு சட்டென்று நின்று மரியாதையான ஆங்கிலமாகிவிடும். நீல மேசையில் உட்கார்ந்தால் நான் வேவு பார்க்க வந்ததாக நினைத்துத் தட்டை வழித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர். மகள் ஆலையில் ‘ஆபீசர்’ என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஆபீசர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள், காக் ஜைத்தூன் ஒருநாள் பகல் வேலைக்கு வந்தபோது தட்டோடு எதிரே வந்து உட்காரும்வரை. “உனக்கு வாய் இருக்கா, இல்ல சாப்பிட மட்டும்தானா?” என்று கேட்டார். இந்தக் கட்டடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

கூ வேகமாக வந்தார். குனிந்து தரையை விரலால் தேய்த்தார்.

“ஆறு மணிலேர்ந்து வந்த சரக்கையெல்லாம் தனியா வைக்கச் சொல்லு. இது யாரு வேலை?”

“பாஸ், தரை மங்கல்னு எழுதினது நான். எப்படிச் சரி பண்ணணும்னு எழுதல. அறிவிப்பு மலாய்ல இல்ல.”

“நான் கதை கேக்கல. இந்த மாதிரிக் கோளாறுக்கு நிரப்புற பாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு பேரு வேணும். நாளைக்கு வர்றவங்க காலிக் கட்டத்தப் பாத்தா கேள்வி கேப்பாங்க. பேரு இருந்தா கேக்க மாட்டாங்க.”

“அப்ப என் பேர எழுதறேன்.”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“உன் ஒப்பந்தம் அடுத்த மாசம் என் மேசைக்கு வருது. அந்தத் துப்புரவு அம்மா ஏஜெண்ட் அனுப்பின ஆளு, அவன் இன்னிக்கே வேற ஆள அனுப்பிருவான். யோசிச்சு எழுது. படிச்ச பொண்ணு நீ.”

படிச்ச பொண்ணு. குனிவதற்கு இப்படியும் ஒரு பெயர் உண்டென்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை.

கூடத்தைக் காலி செய்தார்கள். மெழுகு நீக்கியைத் தண்ணீரில் கலந்து நான் ஊற்ற, காக் ஜைத்தூன் தேய்ப்பு இயந்திரத்தை ஓட்டினார். அதில் கறுப்புத் தேய்ப்பு வட்டை மாட்டப் போனார். அது பிசினைக் கீறிவிடும், சிவப்பு போதும் என்றேன். கழற்றி மாற்றினார். பத்து நிமிடம் ஊறியதும் மூன்று பூச்சும் இளகிப் பழைய பால்போல் திரண்டு வந்தன. அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பை ரப்பர் தள்ளியால் வழித்து வழித்து உறிஞ்சிக்குள் தள்ளினேன். உணவு நேரம் வந்து போனது. இரண்டு பேருமே போகவில்லை.

இயந்திரத்தை அணைத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“வெள்ளிக்கிழமை பகல் வேலைக்கு வந்தப்ப, மத்தியானம் என் டப்பாவுலேர்ந்து பாதி மிளகாய்ச் சம்பலத் தின்ன, ஞாபகம் இருக்கா?”

“காக்...”

“எதிர்லதான உக்காந்திருந்த? அப்ப சொல்லியிருக்கலாம்ல? ‘காக், சோப்பு ஜாஸ்தியாப் போகுது’ன்னு. ரெண்டு வார்த்தை. தாள்ல எழுதி, அது மேல போயி, ஏஜெண்ட் கிட்டப் போயி, அவன் எங்கிட்ட வந்து நீட்டறான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சரி, புள்ள வாயால கேக்கக் கூச்சப்படுது, அவ மெச்சுற மாதிரி பண்ணிருவோம்னு நெனச்சேன்.”

எதையாவது சொல்லியிருக்க வேண்டும். கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதப்போகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அதற்கும் நன்றியை எதிர்பார்ப்பதுபோல் இருக்கும் என்று தோன்றியது.

வெளியே போய் மேசையில் பாரத்தை எழுதினேன். ஆறு மணி முதல் ஏழு இருபது வரை வந்த சரக்கு அனைத்தும் சந்தேகத்துக்குரியது. காரணம்: சோப்பின் அளவு, புரியாத மொழியில் அறிவிப்பு, வழி சொல்லாத குறிப்பு. குறிப்பை எழுதியவர் கோகிலவாணி த/பெ முனியாண்டி. வேறு பெயர் எழுதவில்லை. கூவின் அறையில் ஆள் இல்லை. மேசை மேல் வைத்து, பறந்துவிடாமல் அவருடைய தேநீர்க் கோப்பையை அதன் மேல் நகர்த்தினேன்.

திரும்பி வந்தபோது இரண்டாவது தடவை கழுவியும் முடித்திருந்தார். தரை பழைய சாம்பலுக்குத் திரும்பியிருந்தது. முகம் எதுவும் அதில் தெரியவில்லை. கதவருகே ஏஜெண்டின் ஆள் நின்றுகொண்டு, உள்ளே கால் வைக்காமல், “வேன் நிக்குது காக், வேலை அட்டையக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்றான்.

“யாரு சொன்னது? நான் இப்பத்தான் பாரத்த வெச்சுட்டு வந்தேன்” என்றேன்.

“எனக்குத் தெரியாது. வேற ஆள அனுப்பச் சொல்லி காலையிலேயே போன் வந்துச்சு.”

காக் ஜைத்தூன் கையுறைகளைக் கழற்றி வாளியின் விளிம்பில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டார். ஈரத் தரையில் யாராவது கால் வைத்தால் கட்டடமே அதிரக் கத்துகிறவர், ஈரத்தின் நடுவே நேராக நடந்தார். வாசலில் நிற்பார் என்று நினைத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நாற்பது இடங்களில் அளக்க வேண்டும். தரை காயக் காய, முப்பத்தொன்பதிலும் எண் சரியாக வந்தது. கடைசி இடம் கதவுக்குப் பக்கத்தில். அங்கே இன்னும் ஈரம். ஈரத்தில் வைத்தால் கருவி பொய் சொல்லும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று. அதனால் அது காயும்வரை இரண்டு கைகளிலும் எடைக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். காக் ஜைத்தூனின் ரப்பர்ச் செருப்புத் தடங்கள் விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தன. விரல் பக்கம் முதலில் போயிற்று, பிறகு நடுப்பாதம். கதவை ஒட்டிய கடைசித் தடத்தில் குதிகால் மட்டும் ஒரு காசளவுக்கு மீதி இருந்தது. தோள் வலித்தது. கட்டைகளைக் கீழே வைக்கவில்லை.