கொட்டகைக்குப் பின்னால் அமுங்கிய தரை

என் கணவன் ஆர்டெல்லின் முதுகு போனதற்கு எங்கள் நிலம்தான் காரணம். கென்டக்கியின் இந்தப் பக்கத்தில் புல்தரை எல்லாமே மேடும் குழியுமாகத்தான் கிடக்கும். உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி வண்டியில் வெட்டிவிட்டு இறங்கினால், அவனுக்கு நிமிரவே நேரமாகும். அதனால் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் ஜீரோ டர்ன் வண்டி ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தோம்.

கடைக்காரன் வெர்லின் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவன். கடையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும், உங்கள் தரையில் ஓட்டிப் பாருங்கள் என்று இரண்டு வண்டிகளை ஏற்றி வந்தான். முதலாவது இலேசானது. குழியில் இறங்கும்போதெல்லாம் ஆர்டெல்லின் உடம்போடு வண்டியைத் திருப்பக் கையில் பிடித்திருந்த நெம்புகோல்களும் குலுங்க, வண்டி குடிகாரனைப் போலத் தடுமாறியது. அடுத்தது கனமானது. அகலமான சக்கரங்கள், இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க முதுகுக்குப் பின்னால் உயரமான இரும்பு வளைவு.

"குழி இருக்கிறதே தெரியல, நோலா" என்றான் ஆர்டெல்.

"உனக்கு வேண்டியது புல்வெட்டியா, சோபாவா?"

வெர்லின் சிரித்தான். எனக்கு மனசு சரியில்லை. கொட்டகைக்குப் பின்னால் இலேசான வண்டி பெரிதாக ஒரு தூக்கு தூக்கிப் போட்டிருந்தது. அங்கே போன இலையுதிர்காலத்தில் பள்ளமே கிடையாது. இப்போது ஒன்று இருக்கிறது, எவ்வளவு மழை பெய்தாலும் அதில் தண்ணீர் தேங்குவதில்லை. எங்கே போகிறது என்று கேட்டேன்.

"மண்ணு அமுங்கியிருக்கும்க்கா. கொஞ்சம் மண் கொட்டுங்க, சரியாயிடும்" என்றான் வெர்லின்.

கனமான வண்டியையே வாங்கினோம். வளைவை மடக்கக் கூடாது, பெல்ட் போடாமல் உட்காரக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். "சரிங்க, போலீஸ்காரம்மா" என்று சல்யூட் அடித்தான் ஆர்டெல்.

கொட்டிய மண் ஒரே மழையில் காணாமல் போனது. வேலிக் கம்பம் ஒன்று சாய்ந்தது. ஸ்பிரிங் இருக்கையில் போகிறவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தின் குறுக்கேதான் வெட்டினான்.

ஜூன் மாதம் ஒரு காலையில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. ஓடினேன். தரை வாயைத் திறந்திருந்தது. வண்டியின் பின்பக்கம் உள்ளே போய், இரும்பு வளைவு பாறை விளிம்பில் மாட்டித் தொங்கியது. பெல்ட்டில் கட்டுண்டு ஆர்டெல் வானத்தைப் பார்த்துக் கிடந்தான். அடியில், வெகு ஆழத்தில், தண்ணீர் ஓடும் சத்தம்.

"கிட்ட வராத. கயித்த வீசு" என்றான், மெதுவாக, சத்தம் போட்டால்கூட மண் சரியும் என்பது போல.

கயிற்றின் ஒரு நுனியை எங்கள் பிக்கப் வண்டியில் கட்டிவிட்டு, மறுநுனியைத் தரையில் குப்புறப் படுத்து வீசினேன். அவன் அதை அக்குளுக்கடியில் இறுகக் கட்டிக்கொண்ட பிறகே பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். பிக்கப்பை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அவனை மேலே இழுத்தேன். தோள் எலும்பு முறிந்திருந்தது. அவன் புல்லில் வந்து விழுந்ததும் வளைவு நழுவியது. புல்வெட்டி உள்ளே போன சத்தம் கேட்டது. அடியில் விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

அடியில் சுண்ணாம்புப் பாறை அரித்துப் போய்க் குகையாக இருக்கிறதாம். அது எதுவரை போகிறது என்று, சோதிக்க வந்தவர்களாலேயே சொல்ல முடியவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வெர்லின் வந்து சாமான்களை ஏற்றித் தந்தான், என் முகத்தைப் பார்க்காமலே. கடைசியாகக் கதவைப் பூட்டியபோது அது நிலையில் சரியாகப் பொருந்தவில்லை. சமையலறைப் படியின் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.