அறுபத்தெட்டில் நின்றுபோன கறி

ஞாயிற்றுக்கிழமைச் சமையலை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று லிஃப்ட் மெக்கானிக் அறிவித்தபோது அவர் மனைவி யோசிக்கவே இல்லை. உடனே சரி என்றார். வாரத்தில் ஆறு நாள் மருத்துவமனை வார்டில் நிற்கும் நர்ஸ் அவர். ஏழாவது நாள் அடுப்படியில் நின்றே பதினாறு வருஷம் ஓடியிருந்தது.

"ஆனா ஒண்ணு. நடுவுல என்னைக் கூப்பிட்டீங்கன்னா கரண்டி மறுபடி என் கைக்கு வந்துடும். அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது. தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க."

அதற்காகவே பெல்லட் கிரில் ஒன்று வந்து கொல்லைப்புறத்தில் இறங்கியது. சனிக்கிழமை அதை வெறுமனே ஒரு மணி நேரம் எரியவிட்டார். புது இரும்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் முதலில் எரிந்து போக வேண்டும், இல்லையென்றால் கறியில் தொழிற்சாலை வாசம் வரும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, உப்பும் மிளகும் தடவிய மூன்று கிலோ மாட்டு நெஞ்சுக்கறியை உள்ளே வைத்தார். இலை போடுவது மாலை ஐந்து மணிக்கு என்று மைத்துனனுக்குச் சொல்லியாகிவிட்டது.

மைத்துனன், அதாவது நர்ஸின் தம்பி, நண்பகலிலேயே வந்துவிட்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அடுத்தவர் கையில் எது இருந்தாலும் அவன் கால் பிரேக்கைத் தேடும்.

"என்ன மாமா, பிளக்குல சொருகியிருக்கு? இது அடுப்பா, பிரிண்டரா?"

"கிட்ட வா மாப்ள, காட்டுறேன்." மெக்கானிக்குக்கு இதைவிட இனிமையான கேள்வி கிடையாது. "இந்தப் பெட்டியில இருக்கிறது மரத்தூளை அழுத்திச் செஞ்ச துண்டு, இதுதான் பெல்லட். சுண்டுவிரல் நகத்தளவு. கீழே ஒரு திருகு சுத்திச் சுத்தி அதைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிட்டுப் போகும். அந்தப் பக்கம் டம்ளர் அளவுக்கு ஒரு கிண்ணம். அதுலதான் நெருப்பு. ஃபேன் ஊதும். சூடு குறைஞ்சா திருகு வேகமா சுத்தும், கூடினா மெதுவாகும். நூத்திருபது டிகிரின்னு சொல்லிட்டேன். அது பாட்டுக்கு நிக்கும்."

"அப்ப நீங்க என்னதான் பண்ணுறீங்க?"

"மூடியைத் திறக்காம இருக்கேன். அதுதான் கஷ்டம். கையை எடு."

கறியில் குத்தியிருந்த கம்பி உள்சூட்டைச் சின்னத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து வந்தால் கறி பஞ்சு. காலையிலிருந்து எண் கடகடவென்று ஏறி, பதினொன்றரைக்கு அறுபத்தெட்டைத் தொட்டது. பன்னிரண்டரைக்கும் அறுபத்தெட்டு. ஒன்றரைக்கும் அதேதான்.

"மாமா, உங்க லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு" என்றான் மைத்துனன். "கார்ல என் கரி அடுப்பு இருக்கு. இறக்கட்டுமா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. இருபது வருஷத் தொழிலில், மேலே போக வேண்டியது நின்றுவிட்டால் ஏதோ ஒரு பாகம் போச்சு என்றுதான் பொருள். திருகைப் பார்த்தார், சுற்றியது. ஃபேன் ஊதியது. கிரில்லின் சூடு நூற்றிருபதிலேயே இருந்தது. எல்லாம் சரி, எண் மட்டும் அசையவில்லை. கருவிப்பெட்டியைத் திறந்தார். அணைத்து, ஆறவைத்து, கழற்றி மாட்டினால் ஐந்து மணிக் கறி அதோகதி. அது அவருக்கும் தெரியும்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸுக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவர் ஒரு சுற்று சுற்றினால் தன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் திரும்பி அடுப்படிக்குள் வந்துவிடும். போய்ச் சமையல் சொல்லிக்கொடுத்தாலும் அதே கதிதான். கைப்பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கையை நீட்டுங்க."

"நான் உன்னைக் கூப்பிடலையே!"

"நானும் சமைக்க வரலை. நீட்டுங்க." ஸ்பிரிட் பஞ்சால் கணவரின் முழங்கைக்குக் கீழே துடைத்தார். "ஊதுங்க. எப்படி இருக்கு?"

"ஜில்லுனு இருக்கு."

"ஏன்?"

"ஸ்பிரிட் காஞ்சு போகுது. போகும்போது சூட்டையும் எடுத்துட்டுப்…" அவர் நிறுத்தினார். மெதுவாகக் கிரில்லைத் திரும்பிப் பார்த்தார்.

"காய்ச்சல்காரனுக்கு வேர்த்தா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார் நர்ஸ்.

"கறிக்கு வேர்க்குது! உள்ள இருக்கிற தண்ணி மேல வந்து ஆவியாகுது. நெருப்பு குடுக்கிற சூட்டையெல்லாம் வேர்வை எடுத்துட்டுப் போகுது. ஃபேன் வேற விசிறிவிடுது." ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள் விழுந்தது. "எதுவும் கெட்டுப்போகலை. அப்ப, வேர்க்க விடாம இறுக்கிச் சுத்திட்டா?"

"அது உங்க சமையல். நான் பேஷன்ட்டைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் கறியை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி மறுபடி கிரில்லுக்குள் வைத்தார். அரை மணியில் எழுபது. மூன்று மணிக்கு எண்பத்திரண்டு. நாலே காலுக்குத் தொண்ணூற்றைந்து. வெளியே எடுத்தும் தாளைப் பிரிக்கவில்லை. சாறு உள்ளேயே அடங்கட்டும் என்று துண்டு போர்த்தி வைத்தார். ஐந்து பத்துக்குக் கத்தி இறங்கியது. இறங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. கத்தியைக் காட்டியதும் கறி வழிவிட்டது.

மைத்துனன் ஒரு துண்டைத் தின்றான். இரண்டாவதையும் தின்றான். கரி அடுப்பு காரிலேயே கிடந்தது. "அக்கா, கூட ஒரு வெங்காயம் நறுக்கித் தாயேன்."

நர்ஸ் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். "மாமாவைக் கேளு."

"கத்தி ரெண்டாவது டிராயர்ல இருக்கு மாப்ள" என்றார் மெக்கானிக். "எல்லாருக்கும் சேர்த்து உரிச்சுட்டு வா."

அவன் முனகிக்கொண்டே உள்ளே போனான். நர்ஸ் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"அடுத்த வாரம் என்ன?"

"கோழி. பயப்படாதே, அதுக்கு இவ்வளவு நேரம் ஆகாது."

"ஆகட்டுமே" என்றார் நர்ஸ். "எனக்கென்ன அவசரம்?"