வெட்டாத கேபிள்

இராக்கில் பஸ்ராவை அடுத்த ஸுபைர் பக்கம் ஜூலை மாச உச்சிப் பொழுதில் கோழி ஷெட்டில் விசிறி நின்றால் அரை மணி நேரம்தான் கெடு. வஸ்மிய்யாவுக்கு அது தெரியாததா என்ன? நாலாயிரம் கோழி. புருஷன் போனதிலிருந்து அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றுவது அவைதான்.

அன்று விடிந்ததும் அவளுடைய ஜெனரேட்டர் மண்டையைப் போட்டது. பக்கத்து ஐஸ் ஃபேக்டரிக்கார ஷனாவா நல்ல மனுஷன். "எங்க ஜெனரேட்டர்லேருந்து கரண்ட் எடுத்துக்கோ தங்கச்சி. கேபிளும் தரேன், நூறு மீட்டர் இருக்கு. வெட்டாம மட்டும் திருப்பிக் குடு" என்றார்.

வஸ்மிய்யாவின் தம்பி மிஸ்ஹிர் எலக்ட்ரீஷியன். கிடந்ததிலேயே தடிமனான முப்பத்தஞ்சு ஸ்கொயர் எம்.எம். கேபிளை அவன் இழுத்ததும் ஃபேக்டரி ஆட்கள் சிரித்தார்கள்.

"என்னடா, பஸ்ராவுக்கே விளக்கேத்தப் போறியா? பதினாறு பத்தாதா?"

"தொண்ணூறு ஆம்பியர் இழுக்கும். பதினாறு போட்டா அது மேலயே கோழிய வாட்டித் திங்கலாம், வரீங்களா?"

கணக்கு சரிதான். அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஷெட்டுக்கு அறுபது மீட்டர் போதும். மிச்ச நாற்பதை ஷெட் வாசலில் வளைத்து வளைத்துப் பரப்பிவிட்டு, ஜெனரேட்டருக்குப் பாகம் வாங்க டவுனுக்குக் கிளம்பினான். "இது இப்படியே கெடக்கட்டும்க்கா" என்றான். ஏன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி.

பத்து மணிக்குத் தீவன லாரி வந்தது. இரவல் கேபிள்மேல் டயர் ஏறினால் ஷனாவா முகத்தில் எப்படி விழிப்பது? நாற்பது மீட்டரையும் அழகாகச் சுருட்டி, வெயில் படாமல் மேலே கம்பளியும் போர்த்திவிட்டாள்.

ஒரு மணிக்குப் பொசுங்கும் வாடை. விசிறி அத்தனையும் நின்றது.

போன் போட்டாள். "சுருட்டினியா? ஐயோ அக்கா! சூடு எங்க போகும்? எவ்வளவு தடிமனானாலும் தாங்காதே!" என்று அலறினான் மிஸ்ஹிர். அவன் வந்துசேர இருபது நிமிஷம் ஆகும். வஸ்மிய்யா வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தாள். கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தன. "செத்துடாதீங்கடி, என் கண்ணுங்களா" என்று கத்தினாள். ஒவ்வொன்றாகக் கழுத்து தொங்கியது.

மிஸ்ஹிர் ஓடி வந்தான். சுருள் உருகி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல முனையைச் சீவி மாட்ட உட்கார்ந்தான். புகையைப் பார்த்து மூச்சிரைக்க வந்த ஷனாவா தலையில் அடித்துக்கொண்டார். "கேபிளா பெரிசு? காலையிலேயே வெட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா!"

அவள் வாளியோடு மறுபடி உள்ளே போனாள்.

விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றன.

"அக்கா, ஓடுது! ஓடுது!" வெளியே மிஸ்ஹிர் கூவினான்.

வஸ்மிய்யா நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"நிறுத்திடுடா. அவரோட டீசல் வீணாகுது."