பம்பருக்கு வந்த பைப்

ஒரு பம்பருக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்துவார்கள் என்று யார் கண்டது? கிடங்கில் ஒரு லாரிக்காரன் பின்னால் பார்க்காமல் எடுத்ததில் டிரைவருடைய பிக்கப் வண்டியின் முன் பம்பர் பல்லிளித்துவிட்டது. பிளாஸ்டிக் சமாச்சாரம். கம்பி போட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து தொடை கனத்துக்கு ஒரு பைப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். தானே பம்பர் செய்யப் போவதாகவும், இனி எவன் இடித்தாலும் அவன் வண்டிதான் நசுங்கும் என்றும் சொன்னார். அவர் மனைவி தெருமுனைத் தையல் கடையில் தைக்கிறவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குறுக்கே ஒரு ஆள் வந்தால் அவன் கதி என்ன என்று கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் கொழுந்தன் முன்னால் கேட்டாள் பாருங்கள், அதுதான் வினை. அன்றோடு பேச்சு நின்றது.

கொழுந்தனுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். நிறுத்தத் தெரியாத வாய். இப்போது அந்த வாய்க்கு ஒரு உத்தியோகமும் கிடைத்தது. மூன்று பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதே, உப்பு போதவில்லை என்று உன் அண்ணியிடம் சொல் என்பார் டிரைவர். வேண்டுமானால் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளச் சொல் என்பாள் அவள். ஜலதோஷத்தில் மூக்கடைத்துக் கிடக்கிற மனுஷனுக்கு எதுதான் ருசிக்கும்? இரண்டு பேருக்குமே உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. யார் முதலில் சிரிப்பது என்பதில்தான் வீம்பு.

அந்தப் பைப்புக்குள் எந்தக் காலத்துக் கிரீஸோ அப்பிக் கிடந்தது. ஒரு பக்கத்து வாயை மூடி வெல்டிங் வைத்தபோதே கரும்புகை கிளம்பியதாகவும், மறுபக்கம் எப்படிப் பிடிக்குமோ என்றும் டிரைவர் தம்பியிடம் புலம்பியது அவள் காதில் விழுந்தது. மறுநாள் காலை அவர் லோடு ஏற்றப் போயிருந்த நேரம், சுவரில் சாய்த்து வைத்திருந்த பைப்பின் மேல்வாய் வழியாக ஒரு டப்பா தின்னரை ஊற்றி ஊறவைத்தாள். பெயிண்டையே கரைக்கிறது, கிரீஸைக் கரைக்காதா? பிறகு சாய்த்துக் கொட்டலாம் என்று பார்த்தால் அந்தக் கனத்தை அவளால் அசைக்க முடியவில்லை. கடைக்கும் நேரமாகிவிட்டது. ரேடியோவைக் கூப்பிட்டு, பைப்பைக் கழுவ உள்ளே தின்னர் ஊற்றியிருக்கிறேன், அண்ணன் வந்ததும் இரண்டு பேருமாகக் கொட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே குஷி. இதற்குப் பிறகுமா மனுஷன் வாயைத் திறக்காமல் இருப்பார்?

மதியம் ரேடியோ கடை வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் பல். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லையாம். சாயங்காலம் அவரே வந்து பேசுவாராம். இப்போது பைப்பைத் தாங்குகிற பட்டைகளை வாசல் கேட் பக்கம் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருக்கிறாராம், அது முடிந்ததும் மறுபக்கத்து மூடியை வெல்டிங் வைக்கப் போகிறாராம்.

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "தின்னரக் கொட்டியாச்சா?"

ரேடியோவின் முகம் தொங்கிப்போனது. "நீங்க கழுவுனீங்கன்னு சொன்னதுமே அண்ணன் சந்தோஷத்துல கிரைண்டரப் போட்டுட்டாரு அண்ணி. மீதிய சாப்பிடறப்ப சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

பாவி, ஊர் வம்பையெல்லாம் ஒப்பிக்கிறவன் இதைப் போய் விட்டான்.

தின்னர் டப்பாவுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தவனை டிரைவர் அடிக்கப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே மூடிய பைப்புக்குள் தின்னர், அதன் வாயில் நெருப்பு. வெடித்தால் நேர் எதிரே இருப்பது அவர் முகம். வாசனை தெரியாதா என்றால், மூக்கு அடைத்துக் கிடக்கிறது. போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள்.

தெருவுக்குள் திரும்பியதுமே கிரைண்டர் சத்தம் கேட்டது. அக்கம்பக்கமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு திட்டிய சத்தம் அது, அவளும்தான் திட்டினாள். இப்போது அது நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஓடினாள். அது ஓடுகிறவரை அவர் பட்டையைத் தேய்க்கிறார், பைப்பைத் தொடவில்லை. யாரோ ஒருவர் தெருவை அடைத்துக் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுவரோடு சுவராக உரசிக்கொண்டு தாண்டினாள். முழங்கை சிராய்த்தது தெரியவில்லை.

சத்தம் நின்றது.

கேட்டைத் தள்ளியபோது முற்றத்தின் அந்தக் கோடியில், சுவரில் சாய்ந்தபடியே நின்ற பைப்பின் மேல்வாயில் அவர் குனிந்திருந்தார். முகத்தில் வெல்டிங் கவசம். மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று, கையில் வெல்டிங் ராடு. கூப்பிடப் பார்த்தாள், தொண்டையில் காற்றுதான் வந்தது. பளிச்சென்று ஒரு நீல வெளிச்சம் வெட்டியது. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் மீட்டர் பெட்டி. ஃபியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தாள். வெல்டிங் மெஷினின் உறுமல் அடங்கியது.

அவர் கவசத்தை உயர்த்தினார். அவள் கையில் ஃபியூஸ் கட்டையைக் கண்டதும், சேதி கேட்டதிலிருந்து மலர்ந்திருந்த முகம் கடுகடுவென்று ஆனது. பழக்கதோஷத்தில் ரேடியோ வழக்கமாக நிற்கிற பக்கமாகத் திரும்பிப் பேசினார்.

"பம்பர் புடிக்கலன்னா வாயால சொல்லச் சொல்லு. கரன்ட்டப் புடுங்குற வேலையெல்லாம் வேணாம்."

ரேடியோ அங்கே இல்லை. இன்னும் தெருவில்தான் ஓடி வந்துகொண்டிருந்தான். டிரைவர் கட்டையை வாங்கக் கையை நீட்டினார். அவள் அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"உள்ள தின்னர் இருக்கு. நான்தான் ஊத்துனேன். கொட்டல."

அவர் ராடை வீசிவிட்டுக் கிளாம்பைக் கழற்றி, சுத்தியலால் மூடியைத் தட்டினார். அதன் ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு வெல்டிங் பொட்டு விழுந்திருந்தது. ஒரே பொட்டு. பைப்பைத் தோளில் வாங்கிச் சாய்த்ததும் கறுப்புத் தின்னர் குபுகுபுவென்று கொட்டி முற்றம் முழுக்க ஓடியது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரேடியோ மூச்சிரைக்க வந்து, அண்ணி ஒன்று சொல்லச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்கு இதப் போய்க் கழுவுன?" டிரைவர் அவளை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பேசுவீங்கன்னுதான்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை, அழுதுவிட்டாள். அவர் எழுந்து வந்து அவள் கையிலிருந்த கட்டையை வாங்கப் பார்த்தார். மடங்கிய விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தார்.