பத்துக்கு ஒன்பது

அப்பாவின் சட்டைக்கு மகள் கடைசிப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய அலுவலக இயக்குநர் உள்ளே வந்தார்.

"வண்டி மூணு மணிக்குத்தானே? அதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசிடறேன். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். முப்பது வருட உழைப்பு, எளிமை, நேரம் தவறாமை. நான்காவது வரியில் கண் நின்றது. 'அவரிடம் நேர்ந்த ஒரு தவறை அலுவலகம் பெருந்தன்மையோடு மன்னித்தது.'

மன்னித்ததாம். அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. செத்துக் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று வாசிக்க எழுதி எடுத்து வந்திருக்கிறார், அதுவும் இஸ்திரி கலையாத கோட்டுப் போட்டுக்கொண்டு.

தாளை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அப்பாவின் கால்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படித்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

தெருவில் அப்பாவுக்கு ஐஸ்காரர் என்று பெயர். வடகோடிக் கடலில் போகும் கப்பல்களுக்குத் தினமும் இரண்டு தடவை பனிப் படம் வரைந்து அனுப்புவது அவர் வேலை. கடலில் எங்கே பனி மிதக்கிறது, எவ்வளவு நெருக்கமாக மிதக்கிறது என்று பத்துக்கு இத்தனை என எண் போடுவார்கள். பத்துக்கு ஒன்று என்றால் கப்பல் தாராளமாகப் போகலாம். ஒன்பது என்றால் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. இதெல்லாம் எதிர்வீட்டு மீன்காரருக்குப் புரியாது. "சார், வரும்போது ரெண்டு கட்டி கொண்டாங்க, மீன் கெட்டுப் போவுது" என்பார். "உருகாம வந்தா உங்களுக்குத்தான்" என்பார் அப்பா.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கடலில் மூன்று நாள் வெதுவெதுப்பான காற்று வீசி, பனியின் மேலேயே மழை பெய்தது. மறுநாள் வந்த செயற்கைக்கோள் படத்தில் ஜலசந்தி முழுக்கத் திறந்த கடல் மாதிரி தெரிந்தது. அது கடல் இல்லை, பனிமேல் தேங்கிய தண்ணீர் என்றார் அப்பா. காற்றழுத்தம் வேறு இறங்கிக்கொண்டே வந்தது, காற்று திரும்பப்போகிறது என்று அர்த்தம். ஜலசந்தியில் ஒன்பது என்று போட்டு, மூலையில் கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று மாலை அவள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் டம்ளரை வாங்கி, பாலாடையை ஓர் ஓரமாக ஊதினார்.

"பாத்தியா, வழி இருக்கு. இப்ப காத்து திரும்புது." எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதினார். ஆடை வந்து மூடிக்கொண்டது. "நடுவுல ஒரு கப்பல் இருந்தா?"

கப்பல் இருந்தது. படத்தில் ஒன்று என்று பார்த்து உள்ளே போன கப்பல். அன்று பிரிவுத் தலைவராக இருந்தவர், இதோ இங்கே நிற்கும் இதே மனிதர், ஒன்பதைத் தானே ரப்பரால் அழித்து ஒன்று என்று எழுதி, அனுப்பச் சொல்லியிருந்தார். சரக்கு தாமதமாகிறது என்று மேலிடத்து நெருக்கடி. காற்று திரும்பி, பனி இரண்டு பக்கமும் நெருக்கி, கப்பலின் வயிறு கிழிந்தது. இரண்டு பேர் செத்தார்கள்.

அங்கே எல்லாரும் பென்சிலில்தான் வரைவார்கள். காற்று மாறினால் பனியும் மாறும், கோடும் மாறும். அதனால்தான் ஒரு கண்டிப்பான விதி: யார் அழிக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இவர் போடவில்லை. மூலையில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தது. இரண்டு உயிரையும் அவர் தலையில் கட்டினார்கள்.

"கையெழுத்து என்னோடதுதானே. படம் போற வரைக்கும் நான் மேசையை விட்டு எழுந்து வந்திருக்கக் கூடாது" என்று வீட்டில் சொல்லிவிட்டு, விசாரணையில் வாயை மூடிக்கொண்டார் அப்பா. அவரைப் பழைய படங்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அதே படம் பதினொரு வருடம் அவர் பொறுப்பிலேயே இருந்தது. ஒரு நாளாவது எடுத்து வந்து இவர் முகத்தில் வீசியிருக்க வேண்டாமா? இந்தக் கோபம் மட்டும் அவளுக்கு அப்பாமேல்.

வாசலில் ரேடியோ அக்கா நின்றாள். ரேடியோ வழியாகக் கப்பல்களுக்குப் படம் அனுப்பும் வேலையில் இருந்தவள். அப்பா ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழைய பட அறை அவள் பொறுப்பு. கையில் நீளமாக ஒரு காகிதச் சுருள். இயக்குநரைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள், பிறகு நேராக வந்தாள்.

"ஜன்னல்கிட்ட வா" என்றாள் மகளிடம்.

இரண்டு பேருமாகச் சுருளைப் பிரித்துக் கண்ணாடியில் வைத்து ஒட்டினார்கள். வெயில் பின்னாலிருந்து அடித்தது. ஜலசந்தியில் ஒன்று என்று கறுப்பாக எழுதியிருந்தது. அதன் அடியில், ரப்பர் தேய்த்து மெலிந்த இடத்தில், பென்சில் அழுத்திய தடம். அப்பா எதையும் அழுத்தித்தான் எழுதுவார். ஒன்பது.

இயக்குநர் ஓரடி முன்னால் வந்தார்.

"இது ஆபீஸ் சொத்து. வெளியே எடுத்துட்டு வரக் கூடாது" என்றார்.

"ரெண்டு பேர் செத்தாங்களே, அவங்க யார் சொத்து?" என்றாள் மகள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும். அப்பாவின் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "அழிச்சவங்க பக்கத்துல கையெழுத்துப் போடணும். போடுங்க. அப்புறம் மன்னிச்ச கதையைப் படிங்க."

அவர் பென்சிலை வாங்கினார். படத்தைப் பார்த்தார். அம்மா தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் பேசற நேரமாம்மா இது?" என்றார். பென்சிலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவருடைய தாள் அம்மாவின் மடியிலேயே கிடந்தது.

ரேடியோ அக்கா அந்தப் பென்சிலை எடுத்தாள்.

"அவர் அழிக்கறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அப்ப எனக்கு வேலை நிரந்தரம் ஆகலை" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

அழித்த இடத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். 'அழித்ததைப் பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டாள். பன்னிரண்டு வருடம் கழித்து. மகளுக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

வண்டி வந்துவிட்டது. தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கமாக வெளியேறினார்கள். மீன்காரர் கண்ணாடிமுன் நின்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, விரலை அந்தத் தடத்தின்மேல் வைத்தார்.

"இது என்ன பாப்பா, ஒன்பதா?"

"ஆமாண்ணே" என்றாள் மகள். "ஒன்பது."