நவநாளும் நாலரை மணி வகுப்பும்

"ஒஃபீலியா, மெதுவா. குழாயைப் பிடுங்கிக் கையில குடுத்துடாத," என்றான் நெஸ்தோர்.

கல்லூரியின் வேதியியல் கூடத்துக்குள் அவன் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். முதல் நாளே காரை நிறுத்தும்போது பேசி முடித்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே அம்மா, உள்ளே ஒஃபீலியா. அம்மாவோடு ஒரே மேசையில் நின்று படிக்கும் பையன் என்று யாரும் சிரிக்கக் கூடாதாம். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அந்த மூன்று மணி நேரம் அவள் யாருக்கும் அம்மா இல்லை. குடுவையில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் குழாயை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு சொட்டு கூடிப்போய் பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது.

"போச்சு. முதல்லேர்ந்து ஆரம்பி," என்றான் அவன். "பல்கலைக்கழகத்துல போயி இப்படிப் பண்ணினா மறுபடியும் பழம் பொறுக்க அனுப்பிடுவாங்க."

"வாயை மூடிட்டுக் கழுவுடா."

"உள்ள 'டா' கெடையாது."

கழுவினான். வீட்டுக்குப் போகும் வழியில் அவளுடைய பரிட்டோ ரொட்டிச் சுருளில் பாதியைக் கேட்காமலே தின்றான். மறுநாள் காலை டயர் கடை வேலைக்குப் போகும்போது, பாதாம் தோப்புகள் நடுவே மரங்கள் எதிர்ச்சாலையை மறைக்கிற ஒரு நாற்சந்தியில், பால் லாரி அவன் காரின் கதவுப் பக்கம் மோதியது. இருபது வயது.

அடக்கம் முடிந்த மாலையே வீட்டில் நவநாள், ஒன்பது நாள் ஜெபமாலை, தொடங்கியது. எல்லாவற்றையும் நாத்தனார் சாயோதான் முன்னின்று செய்தாள். சாயோவின் தம்பி ஒஃபீலியாவை விட்டு டெக்சாஸ் போய் வருஷக்கணக்காகிறது. மகனின் அடக்கத்துக்கு வந்து, நின்று, அழுது, அன்றே திரும்பிவிட்டான். அவன் விட்டுப் போனாலும் சாயோ விடவில்லை. வாரம் தவறாமல் வருவாள், சமையலில் குறை சொல்வாள், நெஸ்தோருக்குக் காலணி வாங்கிக் கொடுப்பாள். இப்போது முன்னறையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அவன் படத்தை வைத்து, பூவும் தண்ணீர்த் தம்ளரும் வைத்திருந்தாள். ஒஃபீலியாவோடு பழ டப்பா ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு வர வேண்டும் என்பதால் ஜெபமாலை ஆறு மணிக்கு.

செவ்வாயும் வியாழனும் நாலரையிலிருந்து ஏழரை வரை ஒஃபீலியாவுக்கு வேதியியல் கூடம். சாவுக்கும் அடக்கத்துக்குமாக ஏற்கெனவே வகுப்புகள் போயிருந்தன. இன்னும் ஒன்று தவறினால் விதிப்படி வகுப்புப் பட்டியலிலிருந்து அவள் பெயர் எடுக்கப்படும். பெயர் போனால் அந்தப் பாடம் போகும். பாடம் போனால் வடக்கே பல்கலைக்கழகத்தில் இலையுதிர் காலத்துக்கு அவளுக்காகக் காத்திருக்கும் இடமும் போகும். இந்தப் பருவத்தை முழுமையாக முடித்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றுதான் இடமே கொடுத்திருந்தார்கள்.

ஆசிரியர் பெட்ரோசியன் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். நல்ல மனிதர். "பாடத்தை விட்டுடுங்க ஒஃபீலியா. இந்தச் சூழ்நிலையில யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்," என்றார். அவர் சொன்ன விதம், வழுக்குகிற தரையில் கை பிடித்து நடத்துவதுபோல் இருந்தது. அவளுக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

"செவ்வாய்க்கிழமை வரேன் சார்," என்றாள்.

சாயோவிடம் நேரத்தை மாற்றக் கேட்டாள். வகுப்பு உள்ள நாளில் மட்டும் எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று.

"நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போறவளுங்களை எட்டு மணிக்கு முழங்கால் போடச் சொல்லவா?" சாயோ பூவை மாற்றிக்கொண்டே பேசினாள். "எதுக்கு, பள்ளிக்கூடம் போகணுமா? பையன் இருந்தான், அவனுக்குத் துணையா போன, சரி. ஊரே சிரிச்சப்பகூட நான் உன் பக்கம்தான் பேசினேன். இப்ப யாருக்குத் துணை?"

மகனுக்குத் துணையாகத்தான் ஒஃபீலியா படிக்கப் போனாள். இதைத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவனுக்காக எவ்வளவு பாடுபட்ட' என்று அழுத பெண்களும் இதைத்தான் சொன்னார்கள்.

"அண்ணி, அவன் ஆறாம் கிளாஸ் படிக்கிறப்ப நான் அந்தக் காலேஜுல சேர்ந்தேன். பருவத்துக்கு ஒரு பாடம். அவன்தான் எனக்குத் துணைக்கு வந்தான்."

"அவன் இல்லாம நீ போவியா?"

"அவன் வர்றதுக்கு முன்னாடி தனியாத்தான போனேன்?"

"கல்லுடி நீ," என்றாள் சாயோ. அவள் கண்ணில் நீர் முட்டியது. "என் மருமகன் படத்துக்கு முன்னாடி பெத்தவ இல்லாத நாற்காலி இருக்கும். வர்றவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"காலேஜுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. பொய் சொல்ல வேண்டாம்."

ஒஃபீலியா ஏன் படிக்கப் போகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பதினாறு வருஷம் ஆலையில் பீச் பழம் ஓடிவரும் பட்டையின் ஓரத்தில் நின்று பழம் பொறுக்கியவள் அவள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் தினமும் வருவான். ஒரு டப்பாவைத் திறந்து, ஏதோ ஒரு கருவியை நனைத்துப் பார்ப்பான். சில நாள் தலையாட்டிவிட்டுப் போவான். சில நாள் சிவப்புப் பொத்தானை அமுக்குவான். மொத்த ஆலையும் நின்றுவிடும். மேற்பார்வையாளர் கத்துவார், முதலாளி தொலைபேசியில் கத்துவார், அவன் மட்டும் அமைதியாக இன்னொரு டப்பாவைத் திறப்பான். அந்தக் கருவியில் அவன் என்ன பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பொத்தான் மேல் அவள் கை இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆசையில் நெஸ்தோருக்குப் பங்கு கிடையாது. பள்ளி முடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சோபாவில் கிடந்தவனிடம், 'வேணும்னா என்கூட வா, கார்ல இடம் இருக்கு' என்றது அவள்தான்.

செவ்வாய்க்கிழமை துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடையிலேயே போனாள். மேலே வெள்ளைக் கோட்டு. பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டதும் உலகம் விளிம்பில் சற்று வளைந்தது. அது நல்லதாகவே இருந்தது.

பக்கத்து மேசையில் மாய் என்கிற மோங் இனப் பெண், பத்தொன்பது வயது, வாய் ஓயாதவள். வேலைக்கும் வகுப்புக்கும் ஓடியதில் அவளுக்கு நடந்தது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"எங்க அக்கா உங்க பார்ட்னரு? கழட்டி விட்டுட்டானா? நான் அப்பவே நெனச்சேன், அவ்வளவு வாய் பேசுறவன் கடைசி வரைக்கும் தாங்க மாட்டான்னு."

பெட்ரோசியன் அங்கிருந்து வேகமாக வந்தார். ஒஃபீலியா அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அவன் என் மகன்," என்றாள். "பேரு சொல்லிக் கூப்பிடுறது எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. செத்துட்டான். வெள்ளிக்கிழமை அடக்கம் பண்ணினோம்."

மாய் கையில் இருந்த குடுவையை மேசையில் வைத்தாள். அவள் கண் நிறைந்தது.

"அழறதா இருந்தா வீட்டுக்குப் போயி அழு. நானும் அப்படித்தான். இப்ப அந்தத் தாங்கியை இங்க தள்ளு. இன்னைக்கு இது ரெண்டு பேர் செய்ற வேலை."

மாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் தாங்கியை இந்த மேசைக்குத் தள்ளினாள். அன்றைக்கு ஆவியாக்கி வடிப்பது. ஒருத்தி வெப்பத்தைப் பார்க்க, ஒருத்தி சொட்டுகளைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை ஒஃபீலியாவுக்குக் கண்ணாடிக்குள் பனி பிடித்தது. கழற்றவில்லை. "நீ அளவைச் சொல்லு, எனக்கு இப்ப தெரியல," என்றாள். மாய் சொன்னாள். தெளியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். கூடத்தை விட்டுக் கடைசியாக வந்தவர்கள் அவர்கள்தான்.

வீட்டு வாசலில் கார்கள் கிளம்பத் தொடங்கியிருந்தன. வெளிச்சம் முழுதாகப் போயிருக்கவில்லை. சமையலறையில் மிச்சமிருந்த பெண்கள் காப்பியும் இனிப்பு ரொட்டியுமாக நின்றார்கள். ஒஃபீலியா உள்ளே நுழைந்தாள். ஒருத்தி அவள் கோட்டைப் பார்த்தாள். கழற்ற மறந்திருந்தாள். இனிக் கழற்றுவதாகவும் இல்லை.

நேராக முன்னறைக்குப் போனாள். படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, ஜெபமாலையை எடுத்து, முதல் மணியிலிருந்து சத்தமாகத் தொடங்கினாள். ஜெபத்தை நடத்துபவளின் பாதியை அவளே சொன்னாள். மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய பாதியையும் அவளே சொன்னாள்.

முதல் பத்து மணி முடியும்போது பின்னால் சாயோவின் குரல் கேட்டது.

"வியாழக்கிழமையுமா?"

"வியாழக்கிழமையும்தான் அண்ணி."

ஒரு நாற்காலி தரையில் உரசியது. பக்கத்தில் வருகிறதா, விலகிப் போகிறதா என்று ஒஃபீலியா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மணியைப் பிடித்தாள். திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டின் தண்ணீர்த் தெளிப்பான், எல்லா மாலையும்போல, புல்லை விட்டுவிட்டுத் தார்ச் சாலையை நனைத்துக்கொண்டிருந்தது.