காய்ச்சல் விட்ட பிறகு

தான்சானியாவில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்த தீனதயாளன், மலேரியா முற்றி அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, சொந்த ஊரான எருமப்பட்டிக்கு வந்து சேர்ந்தான். முதல் வாரம் கறிக்குழம்பு கேட்டுச் சாப்பிட்டான். அடுத்த வாரம் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. கண் மஞ்சளித்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

"மஞ்சக்காமாலைதான்" என்று அவனுடைய அக்கா நல்லம்மாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தாள். பங்காளி ஒருவர் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். உள்ளூர் கிளினிக்கில் மலேரியா இல்லை என்று சொல்லி, சத்து டானிக் எழுதித் தந்தார்கள். ஆளுக்கொரு வைத்தியம். மனைவி ஜெயப்பிரியாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"நாமக்கல்லுக்குப் போலாம், வாங்க."

"காச்சல்தான் போயிருச்சல்ல புள்ள. வெறும் அசதி. சும்மா நச்சரிக்காத."

மறுநாள் காலை குளியலறை வாசலில் சரிந்து விழுந்தான். அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. காரைப் பிடித்து அவனை ஏற்றினாள்.

நாமக்கல்லில் டாக்டர் ஷாலினி ரத்தத்தைப் பரிசோதித்தார். ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"மலேரியாவுக்கு என்ன மருந்து போட்டாங்க?"

"ஏதோ ஊசிங்க" என்றான் தீனதயாளன்.

ஜெயப்பிரியா தலையில் அடித்துக்கொண்டு, அங்கே அவனோடு வேலை செய்த அறிவு என்ற பையனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஆர்ட்டிசுனேட் ஊசிங்கக்கா. ஊருக்குப் போயி வாராவாரம் ரத்தம் பாக்கோணும்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்களே. அண்ணன் சொல்லலைங்களா?"

ஷாலினி தலையசைத்தார். "அந்த ஊசிதான் இவரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா கிருமி புகுந்தும் மருந்தால தப்பிச்ச சிவப்பணுக்கள் ரொம்ப நாள் தாங்காது. சில வாரம் கழிச்சு ஒண்ணா உடையும்; கண்ணு மஞ்சளிச்சது அதாலதான். எல்லாருக்கும் ஆகாது, சிலருக்கு ஆகும். ரத்தம் ஏத்தினா சரியாயிடும்."

அவர் வெளியே போனதும் ஜெயப்பிரியா கட்டில் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க?"

"நீ பயந்துக்குவேன்னுதான்..."

"இப்ப நான் சிரிச்சுட்டா நிக்கறேன்?"

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சாயங்காலம் அவன் உதட்டில் லேசாக நிறம் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்தான் கூடியது.

"பசிக்குது புள்ள" என்றான்.

"வாயத் தொறந்து சொல்லத் தெரியுதல்ல!" என்று கத்திவிட்டு, இட்லி வாங்கக் கீழே இறங்கினாள். படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.